தீவுக்குப் போறீங்களா... ஒரு நிமிஷம்!

'அந்தமான் போகிறேன்' என்று வீட்டில் சொன்னதும், பெரியப்பா பேப்பரை மடித்துக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“ஏண்டா, அப்படி என்ன குத்தம் பண்ணினே?”

அவர் தலைமுறைக்கு அந்தமான் என்றால் தண்டனை. என் தலைமுறைக்கு, 1996-ல் வந்த 'சிறைச்சாலை' படம். இப்போதைய தம்பிகளுக்கோ நீலத் தண்ணீர், வெள்ளை மணல், முதுகில் சிலிண்டர் கட்டிக்கொண்டு கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் ஸ்கூபா போட்டோ! மூன்றே தலைமுறையில் ஜெயிலிலிருந்து ஹனிமூன் ஸ்பாட்டாகப் பிரமோஷன் வாங்கிய ஊர். நம் ஆபீஸ்களில் இத்தனை வேகத்தில் யாரும் பிரமோஷன் வாங்கியதாகச் சரித்திரம் இல்லை.

எங்கள் கோஷ்டியில் நாலு பேர். ஒருவன் பேங்க். ஒருவன் மெடிக்கல் ரெப். ஒருவன் கம்ப்யூட்டர். நாலாவது அடியேன்... பி.காம்! நாலு பேர் சேர்ந்து டூர் போனால் பொதுப் பணம் யார் கையில் இருக்க வேண்டும் என்பதற்கு எந்த ஊரிலும் ஓட்டெடுப்பு நடத்துவதில்லை. 'நீதான் பி.காம் ஆச்சே' என்று என் சட்டைப் பையில் திணித்துவிட்டார்கள். ஆகவே இந்தக் கட்டுரையில் கொஞ்சம் கணக்கு வாசனை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட் வேண்டாம். விசா வேண்டாம். இந்தியர்களுக்கு வழக்கமான டூரிஸ்ட் தீவுகளுக்குத் தனி பர்மிட்டும் வேண்டாம். கையில் ஒரு அடையாள அட்டை இருந்தால் போதும். சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. கப்பலும் உண்டு. சுமார் மூன்று நாள் பயணம். 'கப்பல்ல போலாம்டா, ஜாலியா இருக்கும்' என்று யாராவது சொன்னால் முதலில் அவனுக்கு எத்தனை நாள் லீவ் பாக்கி இருக்கிறது என்று விசாரியுங்கள். பத்து நாள் லீவில் போக மூன்று, வர மூன்று போனால், மிச்சம் நாலு நாள்தான் தீவு. மற்றதெல்லாம் தண்ணீர்.

பெயர் விஷயத்தில் ஒரு சின்னக் குழப்பம் வரும். 2018 டிசம்பரில் ஹேவ்லாக் தீவு 'ஸ்வராஜ் த்வீப்' ஆகிவிட்டது. நீல் தீவு 'ஷஹீத் த்வீப்'. ராஸ் தீவு 'நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் த்வீப்'. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேரையே 'ஸ்ரீ விஜயபுரம்' என்று மாற்றிவிட்டார்கள். ஆனால் ஆட்டோ ஸ்டாண்டில் இன்னும் 'ஹேவ்லாக்', 'நீல்'தான். மவுண்ட் ரோடுக்கு அண்ணா சாலை என்று பெயர் வைத்த பிறகும் நாம் என்ன செய்கிறோமோ, அதையேதான் அவர்களும் செய்கிறார்கள். டிக்கெட்டில் இரண்டு பெயரில் எது இருந்தாலும் பதறாதீர்கள்.

விடிந்தால் அஞ்சு, இருட்டினால் அஞ்சு

முதல் நாள் கம்ப்யூட்டர் நண்பன் ஒன்பது மணிக்கு எழுந்து, சோம்பல் முறித்து, பத்தரைக்கு டிபன் சாப்பிட்டுவிட்டு, 'சரி, சாயந்திரம் ஆறு மணிக்கு பீச் போலாம்' என்றான். ஆறு மணிக்குப் பீச்சில் அவன் காலே அவனுக்குத் தெரியவில்லை. கும்மிருட்டு!

காரணம் சுலபம். அந்தமான் சென்னைக்குக் கிழக்கே சுமார் பன்னிரண்டரை டிகிரி தள்ளி இருக்கிறது. ஒரு டிகிரிக்கு நாலு நிமிஷம். பெருக்கிப் பாருங்கள், ஐம்பது நிமிஷம். சூரியன் அங்கே நமக்கு ஐம்பது நிமிஷம் முன்னால் டியூட்டிக்கு வந்து, ஐம்பது நிமிஷம் முன்னால் பஞ்ச் பண்ணிவிட்டுக் கிளம்பிவிடுகிறது. கடிகாரம் மட்டும் அதே இந்திய நேரம். காலையில் ஐந்து, ஐந்தரைக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடும். மாலையில் ஐந்தரை வாக்கில் கடை மூடல். எனவே தீவில் இருக்கும்வரை நீங்கள் பால்காரர் மாதிரி வாழ வேண்டும். முடியாதவர்களுக்கு மகாபலிபுரம் பக்கத்திலேயே இருக்கிறது.

ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை கடல் சாது. மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று வந்துவிட்டால் அதன் மூடைச் சொல்ல முடியாது. காற்று பலமானால் படகுகளை ரத்து செய்துவிடுவார்கள். அங்கேதான் நம் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஞாயிறு காலை ஹேவ்லாக்கிலிருந்து படகு, மத்தியானம் ஃப்ளைட், திங்கட்கிழமை ஆபீஸ் என்று பிளான் போட்டு வருவார்கள். கடலுக்கு உங்கள் மேனேஜரைத் தெரியாது. ஊர் திரும்புவதற்கு முந்தைய நாளே போர்ட் பிளேர் வந்து சேர்ந்துவிட வேண்டும். அந்த ஒரு நாளை வீண் செலவு என்று நினைக்காதீர்கள். இன்ஷூரன்ஸ் பிரீமியம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஸ்கூபா டைவிங் செய்பவர்களுக்கு இதில் இன்னொரு லாபம் உண்டு. தண்ணீருக்கடியில் இருந்து வந்த பிறகு ஒரு முழு நாளாவது விமானம் ஏறாமல் இருப்பது நல்லது. ஆழத்தில் மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் நைட்ரஜன் கரைந்துவிடுகிறது. உயரத்துக்குப் போய்க் காற்றழுத்தம் குறையும்போது, திறந்த சோடா பாட்டில் மாதிரி அது உடம்புக்குள் குமிழி விடும். விளையாட்டில்லை. ஆகவே டைவிங்கை முதல் நாட்களில் முடியுங்கள். கடைசி நாள் வேண்டாம்.

2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலுக்கடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கேபிள் இழுத்தபிறகு, அந்தமானில் இன்டர்நெட் பரவாயில்லை. இருந்தாலும் சில மூலைகளில் சிக்னல் நொண்டியடிக்கும். டிக்கெட், ஓட்டல் ரசீது எல்லாவற்றையும் காகிதத்தில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் ரொக்கமும். பொதுப் பணத்தை ஒரே பையில் வைக்காமல் நாலு பேரிடமும் பிரித்து வைப்பது உத்தமம் என்பது பி.காம் அபிப்பிராயம்.

அவர்களுக்கு அது டவுன் பஸ்

போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக் போக இரண்டு வழி. தனியார் வேகப் படகு என்றால் ஒன்றரை மணி நேரம். ஏ.ஸி., மெத்தென்ற சீட். அரசுக் கப்பல் என்றால் இன்னும் ஒரு மணி நேரம் கூட. ஆனால் டிக்கெட் ரொம்ப மலிவு, மேல்தளத்தில் நின்று காற்று வாங்கலாம். எதுவானாலும் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். தலை சுற்றும் ஆசாமிகள், கிளம்ப அரை மணி முன்னால் டாக்டர் சொன்ன வாந்தி மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் மெடிக்கல் ரெப், இருக்கிற எல்லோருக்கும் சாம்பிள் மாத்திரை விநியோகித்துவிட்டுத் தனக்கு வைத்துக்கொள்ள மறந்துவிட்டான். பயணம் முழுக்கப் பிளாஸ்டிக் பையோடு தியானம்!

நாங்கள் ஏறிய அரசுக் கப்பலில் ஒரு தேனிலவு ஜோடி, இரண்டு சீட்டில் உட்கார்ந்து மூன்றாவது சீட்டில் காமிரா பையை வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு பெரியவர், கையில் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே கவரோடு நின்றுகொண்டிருந்தார். பெங்காலிக்காரர். அவர் ஒன்றும் கேட்கவில்லை. பேங்க் நண்பன்தான் எழுந்து இடம் கொடுத்தான். உட்கார்ந்ததும் அவர் பேசிய ஹிந்தியில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: மாதத்தில் இரண்டு தடவை இப்படிப் போய் வருகிறார். பெரிய ஆஸ்பத்திரி போர்ட் பிளேரில்தான்.

நமக்குக் கடல் பயணம். அவர்களுக்கு அது டவுன் பஸ். ஆஸ்பத்திரி, காலேஜ், கோர்ட், கல்யாணம், காரியம் எல்லாம் அந்தக் கப்பலில்தான். தீவுப் பயணத்தின் முதல் மரியாதை இங்கேயே ஆரம்பிக்கிறது. ஏறும்போது முண்டாதீர்கள். பையை மடியில் வையுங்கள். கையில் குழந்தையோ கவரோ வைத்துக்கொண்டு யாராவது நின்றால், நீங்கள் எழுந்து நின்று கடலைப் பாருங்கள். அதற்குத்தானே வந்திருக்கிறோம்?

நம்ம ஊரா?

அந்தமானில் மொழிப் பிரச்னை அநேகமாகக் கிடையாது. ஹிந்தி எல்லோருக்கும் பொது. 2011 கணக்கெடுப்பில் பெங்காலி, ஹிந்திக்கு அடுத்த இடம் தமிழுக்கு. டீக்கடை, ஹார்டுவேர் கடை, ஆட்டோ, வேன் என்று எங்கே திரும்பினாலும் 'சார், நம்ம ஊரா?' என்ற குரல் கேட்கும். போர்ட் பிளேரில் முருகனுக்குக் கோயில் இருக்கிறது. பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்கிறார்கள். ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் நிக்கோபார் 'மாநக்கவாரம்' என்ற பெயரில் வருகிறது. நமக்கும் இந்தக் கடலுக்கும் பழைய கணக்கு உண்டு.

ஆனால் அந்தத் தமிழர்களிடமும் பேச ஒரு முறை இருக்கிறது. 'எந்த ஊர்?' என்று கேட்டால் சிலர் ராமநாதபுரம் என்பார்கள். சிலர் 'இங்கேதான்' என்பார்கள். விட்டுவிட வேண்டும். 'அது சரி, சொந்த ஊர் எது?' என்று துருவக் கூடாது. தாத்தா காலத்திலிருந்து அங்கேயே இருப்பவர்களுக்கு அதுதான் சொந்த ஊர். இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்களை 1970-களில் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தினார்கள். 2004 சுனாமி அந்தத் தீவைப் புரட்டிப் போட்டது. 'சொந்த ஊர்' என்ற இரண்டு வார்த்தைக்குப் பின்னால் எத்தனை கடல் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது.

அதேபோல் அங்கே 'லோக்கல் பார்ன்' என்று ஒரு சமூகமே உண்டு. பிரிட்டிஷ் காலத்தில் கைதிகளாக வந்து, விடுதலையாகி, அங்கேயே குடும்பம் நடத்தியவர்களின் வாரிசுகளும் அதில் அடக்கம். 'அப்ப உங்க தாத்தா எதுக்கு உள்ளே போனாரு?' என்று ஒரு டூரிஸ்ட் இளித்துக்கொண்டே கேட்டதை என் காதால் கேட்டேன். ஓட்டல்காரர் பதில் சொல்லாமல் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஜாதி, மதம் பார்க்காமல் கலந்து கட்டிய சமூகம் அது. நம் ஊரில் இன்னும் மேடை போட்டுப் பேசிக்கொண்டிருக்கிற விஷயம்!

ஹேவ்லாக், நீல் இரண்டிலும் பெரும்பாலும் பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள். நீல் தீவுப் பீச்சுகளின் பெயரைக் கேளுங்கள். பரத்பூர், லக்ஷ்மண்பூர், சீதாபூர். ராமாயணத்தையே மூட்டை கட்டிக் கொண்டுவந்துவிட்டார்கள்! ஆண்களை 'தாதா' என்றும், பெண்களை 'தீதி' என்றும் கூப்பிட்டால் முகம் மலரும். 'ஏய்' என்று கூப்பிட்டால் இளநீர் விலை ஏறும்.

பீச் டிரவுசரை பீச்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஈர உடம்போடு, சட்டையில்லாமல் மார்க்கெட்டில் காய்கறிக்காரப் பெண்ணிடம் வழி கேட்கக் கூடாது. நம் தெருவில் ஒருத்தன் அப்படி வந்தால் நாம் என்ன செய்வோம்? பீச்சில் பாட்டில் திறப்பது சட்டப்படியே தப்பு. தென்னை மரம் எல்லாம் கவர்ன்மென்ட் சொத்து என்று நினைத்துக் கல்லெறியாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரர் எங்கேயோ நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

முதலை, பவளம், மூன்றாவது பெட்டி

ஹேவ்லாக்கில் பீச்சுகளுக்கு நம்பர். ராதாநகர் என்கிற 7-ம் நம்பர் பீச்சை 2004-ல் 'டைம்' பத்திரிகை ஆசியாவிலேயே சிறந்த பீச் என்று எழுதிவிட்டது. மிகையில்லை. மேற்குப் பார்த்த பீச் என்பதால் சூரியன் மறைவதை அங்கே பாருங்கள். உதிப்பதைப் பார்க்கக் கிழக்கே காலாபத்தர். (எழுந்தால்!)

'முதலை ஜாக்கிரதை' என்று போர்டு வைத்திருக்கும் இடத்தில் இறங்காதீர்கள். உப்புத் தண்ணீர் முதலை அது. காமெடி இல்லை. 2010-ல் ஹேவ்லாக்கில் வெளிநாட்டுப் பெண் ஒருவர் முதலைக்குப் பலியானார். அலையில்லாமல் சாதுவாக இருக்கிற மூலை, காட்டோடை கடலில் கலக்கிற இடம்... இதெல்லாம் பார்க்க அழகு. கரையிலிருந்தே பாருங்கள். லைஃப் கார்டு விசில் அடித்தால், 'இவனுக்கென்ன தெரியும்' என்று திரும்பிக்கொள்ளாதீர்கள். அவர் அந்தக் கடலோடு குடித்தனம் நடத்துபவர்.

அடுத்தது பவளம். பார்த்தால் கல் மாதிரி இருக்கும். கல் இல்லை, உயிர். உருண்டையான வகை வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிய விஷயம். நீங்கள் நீந்தக் களைத்துப்போய் அதன்மேல் ஒரு நிமிஷம் நின்றால், உங்கள் வயசை விட அதிக வயசுள்ள ஒன்றை உடைத்துவிட்டு வருகிறீர்கள் என்று அர்த்தம். ஏற்கெனவே 2010-ல் கடல் சூடேறி அந்தமான் பவளங்கள் ஏராளமாக வெளுத்துப் போயின. அதற்கு நம் கால் வேறு வேண்டாம்.

கரையில் ஒதுங்கிய செத்த பவளத்தையும் எடுக்கக் கூடாது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளம் முதல் அட்டவணையில் வருகிறது. புலியும் அங்கேதான் இருக்கிறது என்றால் விஷயம் புரியும். விமான நிலையத்தில் எக்ஸ்ரே மெஷினுக்கு அது நன்றாகவே தெரியும். எனக்கு முன்னால் நின்ற குடும்பத்தின் மூன்றாவது பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். துண்டுக்குள் சுற்றி ஐந்து பவளக் கட்டிகள். 'கொலுவுக்கு சார்' என்றார் அந்த அம்மாள். கொலுப்படியில் புலியை உயிரோடு வைப்பீர்களா என்று அதிகாரி கேட்கவில்லை. அவருக்குக் கொலு தெரியாது.

கேரண்டி வேணுமா?

இப்போது சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் வேன் டிரைவருக்கு ஐம்பது வயசு இருக்கும். அப்பா ராமநாதபுரம் பக்கம். இவர் பிறந்தது போர்ட் பிளேரில். அக்காவைக் கட்டிக் கொடுத்தது தாம்பரத்தில். 'தம்பி, தம்பி' என்று வாய் நிறையப் பேசுவார். நாலாவது நாள் புரோகிராமில் பராடாங் இருந்தது. சுண்ணாம்புக் குகை, சேற்று எரிமலை, அலையாத்திக் காட்டுக்குள் படகு. விடியற்காலை மூன்றரைக்குக் கிளம்ப வேண்டும். ஜிர்காடாங் என்ற இடத்தில் வண்டிகளையெல்லாம் வரிசை கட்டி, போலீஸ் பாதுகாப்போடு கான்வாயாக அனுப்புவார்கள். ஏனென்றால் அந்தச் சாலையில் ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம், ஜாரவா மக்களின் காட்டுக்குள் போகிறது.

முந்தின நாள் சாயந்திரம் டீக்கடையில் பேங்க் நண்பன் கேட்டான்: “அண்ணே, ஜாரவா தெரிவாங்கல்ல? கேரண்டியா?”

டிரைவர் டீ கிளாஸை வைத்தார். “கேரண்டி வேணும்னா வண்டலூர் போங்க, தம்பி.”

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அவரே சொன்னார்: “நான் கூட்டிட்டுப் போறேன். அது என் தொழிலு. வடக்கே ரங்கத், மாயாபந்தர்ல இருக்கறவனுக்கு இது ரோடு. பிரசவத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு அந்த ரோட்லதான் வரணும். அவன் போறது வேற, நீங்க போறது வேற. என் வண்டியில ஏறினா கண்ணாடி இறக்கக் கூடாது. போனு பையில. பிஸ்கட் பாக்கெட்டு டிக்கில. சம்மதம்னா மூணு மணிக்கு வரேன்.”

“ஒரு போட்டோ எடுத்தா என்னண்ணே ஆயிடும்?” இது கம்ப்யூட்டர்.

“உங்கம்மா வாசல்ல கோலம் போடறப்ப, முப்பது வண்டி வரிசையா வந்து நின்னு போட்டோ புடிச்சா என்ன ஆகும், தம்பி? அதுதான் ஆகும்.”

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. ஆதிகுடிகளைப் பாதுகாக்க 1956-லேயே விதிமுறை வந்துவிட்டது. 2012-ல் அதைத் திருத்தித் தண்டனையைக் கடுமையாக்கினார்கள். போட்டோ எடுத்தால், வண்டியை நிறுத்தினால், சாப்பாடு கொடுத்தால் ஜெயில் வரைக்கும் போகும். அந்த வருஷம்தான், சாப்பாட்டைக் காட்டி ஜாரவா பெண்களை டூரிஸ்ட்டுகள் முன்னால் ஆட வைத்த ஒரு வீடியோ வெளியாகி, உலகமே நம்மைப் பார்த்துக் காறித் துப்பியது. 2013 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் அந்தச் சாலையில் டூரிஸ்ட்டுகளுக்குத் தடை போட்டது. சில வாரங்களில் கட்டுப்பாடுகளோடு மீண்டும் திறந்தது.

'பாவம், ஒரு பிஸ்கட்தானே' என்று நம் ஆட்களின் இளகிய மனசு கேட்கும். பிஸ்கட்டோடு நம் மூச்சும் சேர்ந்து போகிறது என்பதுதான் சிக்கல். ஜாரவா மக்கள் 1997 கடைசியில்தான் காட்டை விட்டு வெளியாட்களிடம் வரத் தொடங்கினார்கள். 1999-ல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. 2006-ல் மறுபடியும். நம் வீட்டில் வேப்பிலை கட்டிப் பத்து நாளில் எழுந்து உட்காருகிற நோய், பழக்கமில்லாத உடம்பில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். 2011 கணக்கெடுப்பில் அவர்கள் மொத்தமே 380 பேர். நம் ஆபீஸ் கட்டடத்தில் லஞ்ச் டயத்தில் படியிறங்குகிற கூட்டம் அதை விட ஜாஸ்தி.

பக்கத்திலேயே கிரேட் அந்தமானியர்கள் இருந்தார்கள். 1858-ல் பிரிட்டிஷ்காரர்கள் வந்தபோது ஆயிரக்கணக்கில் இருந்தவர்கள். நோயும் துப்பாக்கியும் சாராயமும் சேர்ந்து இன்றைக்கு ஐம்பது பேரளவில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கின்றன. அவர்களில் 'போ' என்ற மொழியைப் பேசிய கடைசி மனுஷி, போவா சீனியர் என்ற பாட்டி, 2010 ஜனவரியில் காலமானார். சுனாமிக்குத் தப்பித்தவர். அவர் மொழியைப் பதிவு செய்த பேராசிரியர் அன்விதா அப்பி, பேச ஆளில்லாமல் அந்தப் பாட்டி பறவைகளோடு பேசிக்கொண்டிருந்ததைச் சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டில் தமிழ் தெரியாவிட்டாலே நமக்கு எவ்வளவு போரடிக்கிறது. ஊரிலேயே, உலகத்திலேயே ஒருத்தருக்கும் தெரியாது என்றால்?

அன்று ராத்திரி அறையில் பெரிய வாக்குவாதம். 'கட்டின பணம் போயிடும்டா' என்றான் கம்ப்யூட்டர். நியாயம்தான். கணக்குப் பாடத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு. போன பணம் போனதுதான். அதைக் காப்பாற்றுவதற்காக அடுத்த முடிவை எடுக்கக் கூடாது. ஓட்டெடுப்பு இரண்டுக்கு இரண்டு என்று முடிந்தது. பேங்க்கும் கம்ப்யூட்டரும் பராடாங் போனார்கள். நானும் மெடிக்கலும் செல்லுலார் ஜெயிலுக்குப் போனோம்.

1896-ல் கட்டத் தொடங்கி 1906-ல் முடித்த ஜெயில். நடுவில் ஒரு கோபுரம், அதிலிருந்து சைக்கிள் சக்கரக் கம்பி மாதிரி ஏழு பிரிவுகள். 693 தனி அறைகள். ஒரு பிரிவின் முன்பக்கம் அடுத்த பிரிவின் முதுகைப் பார்க்கும். கைதிக்குக் கைதி முகம் தெரியக் கூடாது என்று கணக்குப் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். இப்போது மூன்று பிரிவுகள்தான் மிச்சம். தூக்கு மேடைக்கு முன்னால் இரண்டு பையன்கள் நாக்கை நீட்டிக்கொண்டு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நடுத்தர வயது அம்மாள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அந்த இடத்தைக் கடந்து போனார். அங்கே செருப்பைக் கழற்றச் சொல்லி எந்த போர்டும் இல்லை.

ராத்திரி ஏழு மணிக்கு மற்ற இருவரும் திரும்பினார்கள். குகையைப் பற்றி நிறையச் சொன்னான் கம்ப்யூட்டர். படகு பிரமாதம் என்றான். பேங்க் மட்டும் கை கழுவிவிட்டு வந்து பேசாமல் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

“என்னடா, பாத்தியா?”

“ரோட்டோரமா ஒரு அம்மா நின்னாங்க. இடுப்புல குழந்தை. முன்னாடி போன வண்டியில கண்ணாடிக்குள்ள அத்தனை போனும் மேல போச்சு.” கொஞ்சம் நிறுத்தினான். “நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்டா.”

கேரண்டி கேட்டவன் அவன்தான். அதற்கு மேல் நாங்களும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அந்த அம்மா எப்படி இருந்தார், என்ன உடுத்தியிருந்தார் என்று எனக்கு இன்று வரை தெரியாது. தெரிந்திருந்தாலும் இங்கே எழுதுவதாக இல்லை.

அந்தமான் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தாராளமாகப் போங்கள். எண்ணூறுக்கும் மேற்பட்ட தீவுகளும் பாறைகளும் சேர்ந்த கூட்டம் அது. நமக்குக் கதவு திறந்திருப்பவையே ஒரு லீவுக்குக் காணாது. மூடியிருக்கிற கதவுகளை மட்டும் தட்டாதீர்கள். வடக்கு சென்டினல் தீவுக்குப் பக்கத்தில் போகவே தடை. 2018 நவம்பரில் மீறிப் போன ஒரு அமெரிக்க இளைஞர் உயிரோடு திரும்பவில்லை. 2025-ல் இன்னொரு அமெரிக்கர் ஒரு கோலா டின்னைக் கரையில் வைத்துவிட்டு வந்து கைதானார். அந்தத் தீவுக்காரர்கள் யாரையும் விருந்துக்குக் கூப்பிடவில்லை. கூப்பிடாத கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிற சாமர்த்தியத்தைச் சென்னை மண்டபங்களோடு நிறுத்திக்கொள்வோம்.

லீவ் முடிந்து நீங்கள் ஆபீஸ் போனதும் கேன்டீனில் நாலு பேர் சூழ்ந்துகொள்வார்கள். முதல் கேள்வி, 'ஜாரவா பாத்தியா?' என்பதாகத்தான் இருக்கும். 'இல்லப்பா' என்று சொல்லுங்கள். கொஞ்சம் ஏமாற்றத்தோடு பார்ப்பார்கள். பரவாயில்லை. 7-ம் நம்பர் பீச்சில் சூரியன் எப்படி இறங்கியது, கப்பலில் எக்ஸ்ரே கவரோடு வந்த பெரியவர் என்ன சொன்னார், டிரைவர் அண்ணன் டீக்கடையில் என்ன பேசினார்... அதையெல்லாம் சொல்லுங்கள். கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு டீ ஆறிவிடும்.